நான்காம் படிவம்

நான்காம் படிவத்துக்கு
நான் கொடுத்தது ஒரு படிவம்.
ஏழு கேள்வி. அச்சு மலாயில்,
ஓரத்தில் பென்சிலால் என் தமிழ்.
எந்த ஊர். எந்த ஆண்டு. எந்தக் கப்பல்.
கூட்டி வந்தவர் யார். ஏன் வந்தீர்கள்.
எந்தத் தோட்டம். வீட்டு எண்.
நிரப்பிய மாதிரி ஒன்றைப் பலகையில் குத்தி
வியாழனுக்குள் என்றேன்.

ஞாயிறன்று வந்தன.
(பாடாங் செராயில் ஞாயிறு பள்ளி நாள்.)
பதினோரு குடும்பம் ஒரே கப்பலில் வந்திருந்தது.
கப்பல் பெயரில் ஒரு கால் குறைந்திருந்தது,
பதினோரு தாளிலும்.
கவீன்ராஜ் 1897 என்று எழுதி, அடித்து,
1987 ஆக்கி, அதையும் அடித்து
‘ரொம்ப முன்னாடி’ என்று முடித்திருந்தான்.
ஜுன் ஹாவின் முன்னோர்
ஈயம் தோண்ட வந்து, ஒரு நாள்கூடத் தோண்டாமல்
சோயாத் தண்ணீர் விற்றவர்.
‘நாங்க இங்கேயேதான், டீச்சர்’ என்ற நூருல் இஸ்ஸா
அம்மாவைக் கேட்டு வந்து எழுதியிருந்தாள்:
ஆச்சே. படகு.
எழுத்து மிகவும் சின்னது.

தர்ஷாயினி தாளில் ஒரே வரி.
‘அப்பாவுக்குச் சிவப்பு ஐ.சி. இன்னும் வந்து முடியல.’
அதற்கு ஒரு டிக் போட்டேன்.
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் தேடினேன்,
கையிலேயே இருந்தது.

யுகேஸ்வரன் தாள்தான் சிக்கல்.
பெயர், மொய்னுல். ஊர், பொக்ரா.
கப்பல் இல்லை, விமானம், ராத்திரி.
கூட்டி வந்தவர் ஏஜெண்டு.
ஏன்: கடன்.
மூணாம் டிவிசன், பழைய லயம், எண் 14.

“உன் குடும்பத்தைத்தானே கேட்டேன்?”

“வீட்டு நம்பர் கேட்டிருந்தீங்க, டீச்சர்.
அப்பா பதினாலுன்னாரு.
சரிதானான்னு வெள்ளிக்கிழமை சைக்கிள்ல போனேன்.
கதவு தொறந்திருந்துச்சு. மீன் பொரிச்சிட்டிருந்தாரு.
அக்கா உசரத்துக்குப் போட்ட கோடெல்லாம்
நெலையில அப்படியே இருக்கு.
அதுக்கு மேல ஆணி அடிச்சு
அவரு சட்டை மாட்டியிருக்காரு.”

இந்த வருடம் முழுக்க
அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“சரி, நீங்க எப்படி வந்தீங்க?”
“லோரியில. தோட்டத்துலேர்ந்து அடுக்குமாடிக்கு.
பதினொரு கிலோமீட்டர்.
அலமாரி முன்னாடி போச்சு, நாங்க பின்னாடி.
இதெல்லாம் கேள்வியில வராதுன்னு எழுதல.”

ஏழாவது பதிலுக்குக் கீழே
அளவுகோல் வைத்து ஒரு கோடு.
அதன் மேல் அவன் கையெழுத்தில்
நான் கேட்காத எட்டாவது கேள்வி:
எப்போ திரும்பிப் போவீங்க.

“அவரே சொன்னாரு, டீச்சர்.
எல்லாம் கேக்குறியே, இத மட்டும் ஏன் கேக்கலன்னு.”

பதில்: அடுத்த ராயாவுக்கு.
பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்,
போன ராயாவுக்கும் இதையே சொன்னாராம்.

மணி அடித்தது.
நாற்காலிகள் இழுபட்டன, யாரோ யாரையோ
கோப்பிக்கடைக்குக் கூப்பிட்டார்கள்.
பலகையிலிருந்து என் மாதிரித் தாளைக் கழற்றினேன்.
ஊர், ஆண்டு, கப்பல், எல்லாம் நீல மையில்.
பாதி என் அத்தை சொன்னது,
மீதி பாடநூலில் பார்த்து
நானாக நிரப்பியது.
கப்பல் பெயரில் ஒரு கால் குறைந்திருந்தது.

அவன் இன்னும் மேசையருகே நின்றான்.
“இந்தத் தாளை நான் திருப்பிக் கொடுக்கணும்.”
“எதுக்குடா?”
“பாஸ்போர்ட்டு மந்தூருகிட்ட இருக்காம்.
அவரு பேரு எழுதினது
இப்ப அவருகிட்ட வேற எதுவும் இல்லியாம்.
வெச்சுக்கிறேன்னாரு.”

சிவப்புப் பேனாவை மூடினேன்.
மதிப்பெண்ணைப் பென்சிலில் போட்டேன்,
மெல்ல,
தாளில் பள்ளம் விழாமல்.