சுர்துஸ்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
சத்தம் புகாத பெட்டி ஒன்று இருக்கிறது.
உள்ளே கதிரை, காதுக்கு இரண்டு கிண்ணம்,
கைக்கு ஒரு பொத்தான்.
"கேட்டா அமத்துங்கோ, பெனடிற் சேர்."
வலக்காதுக்கு விட்டு விட்டு அமத்தினேன்.
இடக்காதுக்கு
அமத்தின விரலை எடுக்கவேயில்லை.

நிரோசிகா கதவைத் திறந்தாள்.
"சேர், நான் இன்னும் ஒண்டும் போடேல்லை."

செமினரியில் இரண்டு வருடம் லத்தீன்.
குருத்துவம் போயிற்று, பெயரடைகள் போகவில்லை.
ஆண்பாலோடு சுர்துஸ், பெண்பாலோடு சுர்தா,
இரண்டுமில்லாததோடு சுர்தும்:
அருகில் நிற்கும் பெயரைப் பார்த்து
வாலை மாற்றிக்கொள்ளும் சொல்.
கேளாத ஆளுக்கும் அதுதான்,
கேளாத ஒலிக்கும் அதுதான்.
எங்கள் பாதிரியார் இதை அதிசயம் என்பார்.
நம்முடைய 'கேளாத' வாலே இல்லாமல்
இரண்டு பக்கமும் நிற்கிறதே, ஃபாதர்,
யாரும் கேளாத கேள்விக்கும் சேர்த்து.

அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கடைசி வரி ஒரு 'ஒருவேளை'.
முணுமுணுப்பு, வண்டின் இரைச்சல்,
அந்த வேரிலிருந்து வந்திருக்கலாமாம்.
அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை.
மாத்தளன் மணலில், ஒரு சித்திரை மாதம்
என் இடக்காதுக்குள் நுழைந்ததை
அவர்கள் விசாரிக்கவில்லை.

மல்லாவியில் பதினோராம் வகுப்புக்கு
நான் சேடுகள் படிப்பிக்கிறேன்.
வேர் இரண்டு, வேர் ஐந்து.
கிரேக்கன் சொல்லற்றது என்றான்,
அரபுக்காரன் செவிடு என்றான்,
லத்தீன்காரன் அதையே சுர்துஸ் என்று பெயர்த்தான்.
நாங்கள் சேடு என்றோம். மிச்சம்.
செவிடில் ஒரு வி விழுந்து
செ நீண்டதாக்கும் என்று கஜவதனன் சொன்னான்.
பிழை. ஆனாலும் புள்ளி போட்டேன்.

படிவத்தை நீட்டினாள் நிரோசிகா.
*இரைச்சல் எப்படிப்பட்டது?*
மணி, விசில், காற்று, வேறு.
வேறு எனில் குறிப்பிடுக.

பேனை சுர்த் வரை போய் நின்றது.
ஓசை என்றால் லத்தீனில் ஆண்பால்.
குரல் என்றால் பெண்பால்.
உள்ளே இருப்பது எது என்று
தெரியாமல் வால் எழுத முடியாது.

"எழுத்து விட்டுப்போச்சோ, சேர்?"
"ஓம்," என்றேன்.

மல்லாவி பஸ்ஸில் இடப்பக்க யன்னல் எனக்கு.
வலக்காது சனத்துக்கு,
மற்றது காட்டுக்கு.
கொண்டக்டர் தகரத்தில் இரண்டு முறை தட்டினான்.
ஒருமுறைதான் கேட்டது.