ஒரு கைக்கான கூலி

பின் இருக்கையில் அவளை உட்காரவைத்து
சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டேன்.
போர்வை சரிந்து நெற்றியும் வெள்ளைத் தொப்பியும் தெரிகின்றன.
கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம்
என் வேகம் பிடிக்காதவள்போல் பார்க்கிறாள்.

தேங்க்ஃபுல் பிங்க்கம், வயது எழுபத்தொன்று,
1764.
குதிரைவண்டியில் ஊர் ஊராய் வந்த ஓவியன்
கைகளுக்குத் தனிக் கட்டணம் கேட்டானாம்.
வீட்டு ஆண்கள் கணக்குப் பார்த்து
ஒரு கைக்குக் கொடுத்தார்கள்.
மற்றது சால்வைக்குள் போனது,
இன்னும் வெளியே வரவில்லை.
தெரிகிற கையிலும் விரல் நான்கா ஐந்தா என்று
ஈஸ்டர் விருந்துதோறும் தகராறு.

நான் அந்தக் குடும்பத்துக்கு யாரும் இல்லை.
லூயிஸ்டன் நெசவாலையில் தறி ஓட்டியவர் மகள்.
பதினெட்டு வருடம் எல்டனின் மனைவி.
பிரிந்தபோது அவன் படகை எடுத்துக்கொண்டான்,
ஏரிக்கரை வீட்டை, நாயை.
இவள் அவனுடைய புதுச் சுவரில் அடங்கவில்லை.
"அப்புறம் பார்க்கலாம்" என்றான்.
ஒன்பது வருடம் என் சமையலறையில்
மீன் பொரிக்கும் புகையைக் குடித்தாள்.
நான் வரிக்கணக்கு எழுதும் இரவுகளில்
ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை.

போன வாரம் அழைத்தான்.
மகள் பிறந்திருக்கிறாளாம்.
"ரத்த உறவுக்குத்தானே சேரும், ஒரோர்?"
ஆமாம் என்றேன். வாதாடத் தோன்றவில்லை.

கட்டுவதற்காகத் திருப்பியபோதுதான் பார்த்தேன்.
பின்பலகையில் பென்சிலால் ஒரு வரிசை:
மெஹிடபெல். ஹல்டா. இன்னொரு ஹல்டா.
தண்ணீர்க் கறையில் பாதி கரைந்த அசாஃப்.
பிறகு வெர்னா, என் மாமியார்.
அதற்குக் கீழே, அவள் கையெழுத்திலேயே,
எல்டன் இல்லை.
ஒரோர்.

கல்யாண நாளிலிருந்து என்னை லாரா என்றே கூப்பிட்டவள்.
அந்தப் பிரெஞ்சுப் பெயர் வாயில் நிற்காது என்பாள்.
ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

அன்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
மகன்மேல் ஏதோ கோபமாயிருக்கலாம்.
சட்டத்தில் தூசி தட்டுகிறவள் யார் என்று
பார்த்துவைத்திருந்தாளோ என்னவோ.

யார்க் சுங்கச்சாவடி. பனி தூறுகிறது.
கூண்டுக்குள் இருப்பவன் பின் இருக்கையை எட்டிப் பார்த்து
"அம்மாவா?" என்கிறான்.
சில்லறைக்காகப் பையைத் துழாவுகிறேன்.
காலையில் போட்டுக்கொண்ட அழிரப்பர்தான்
திரும்பத் திரும்ப விரலில் படுகிறது.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கிறது.
மற்றது பைக்குள்.