மூன்றாம் தரம்

கால்நடைச் சந்தைக்கு ஒட்டினாற்போல் அந்தக் கூடம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகளை விற்பார்கள்,
இந்தப் பக்கம் செத்தவர்களின் சாமான்களை.
இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தேநீர்க் கடை.
யார்க்‌ஷரில் மார்ச் மாதம் என்றால்
ஈரக் கோட்டுகளின் வாசனை.

என் அட்டை எண் எண்பத்து மூன்று.
வீட்டில் ஏழு சீட்டாட்ட மேசைகள்.
ஏழாவதை வண்டியிலிருந்து இறக்கியபோது
"எட்டாவது வந்தால் நான் எங்கே நிற்பது?" என்றாள் மனைவி.
நியாயமான கேள்வி.
இப்போது லீட்ஸில் நிற்கிறாள், தங்கை வீட்டில்.

அன்று காலை எட்டாவதன் அடியில்
மல்லாந்து கிடந்தேன், டார்ச்சை வாயில் கவ்வியபடி.
அரைவட்ட மகோகனி. இருநூறு வயதிருக்கும்.
பலகையை விரித்தால் பச்சைக் கம்பளி,
காசு வைக்க நான்கு குழிகள்.
ஒரு குழியில் மட்டும் மெருகு தேய்ந்து வெளுத்திருந்தது:
ஓயாமல் ஜெயித்தவனா,
ஓயாமல் எடுத்துக் கொடுத்தவனா,
மரம் சொல்லாது.
கீல் புதுசு. பின்காலில் புழுத்துளை, பழையது,
தட்டினால் பொடி உதிரவில்லை.
பெரிய பழுதைக் கண்டவன்போல்
உதட்டைப் பிதுக்கியபடி எழுந்தேன்.
எதிரே இன்னொருவரும் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குப் பிக்கர்ஸ்கில் மேடையேறினார்.
மூடுபனியில் ஆடுகள், எண்ணெய் ஓவியம்:
விலை போனது சட்டத்துக்கு.
பிறகு என் மேசை.
நானூறு, ஐந்நூறு, தொலைபேசியில் யாரோ அறுநூறு.
எண்ணூற்று இருபதில் என் கை நின்றது.
ஒரு தரம்.
இரண்டு தரம்.
முகமே இல்லாத ஒருவருக்குப் போய்விட்டது.

தோற்ற கைக்கு அரிப்பு அதிகம்.
அடுத்து வந்தது கண்ணாடிப் பெட்டியில் ஒரு கையுறை.
"வில்ஃப் டின்ஸ்டேல், வட்டாரச் சாம்பியன்,
அறுபத்தொன்றாம் வருடம், கையொப்பமிட்டது."
எனக்கும் குத்துச்சண்டைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.
நாற்பது என்றார். தூக்கினேன்.
மூன்றாம் வரிசையில் நீல மழைக்கோட்டு அணிந்த பெண்மணியும் தூக்கினார்.
அறுபது. எண்பது. நூற்றிருபது.
அவர் திரும்பியே பார்க்கவில்லை,
ஒவ்வொரு தொகைக்கும் கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்து
மூடினார், க்ளிக்.
அந்தச் சத்தம் கேட்டும் தூக்கினேன்.
நூற்றெண்பது. க்ளிக். இருநூற்றுப் பத்து.
பெருந்தன்மையால் நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான்.
தும்மல் வந்தது.
நிமிர்வதற்குள் மூன்றாம் தரமும் முடிந்திருந்தது.

பணம் கட்டும் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன்.
"டின்ஸ்டேலின் ரசிகரா?"
"மகள். நோரீன்."
"அப்பாவின் கையெழுத்தாவது கிடைத்ததே."
"அவர் கையெழுத்தில்லை அது," என்றார் ரசீதை மடித்துக்கொண்டு.
"வலது கையில் நாலு விரலும் ஒடிந்து கூடினவை. பேனா நிற்காது.
சனிக்கிழமை ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து
எல்லாவற்றிலும் அம்மாதான் போடுவாள்.
அந்த 'எஃப்'பின் வாலைப் பாருங்கள்,
மளிகைச் சீட்டிலும் அப்படித்தான் சுழிப்பாள்.
சீட்டையெல்லாம் யார் எடுத்து வைத்தார்கள்?
அவள் எழுதினதாக வேறெதுவும் இல்லை எங்களிடம்."
"போலி என்று சொல்லியிருந்தால்
சல்லிசாகக் கிடைத்திருக்குமே."
"போலியா?" என்று என்னைப் பார்த்தார்.
"எங்கள் அம்மாவுடையதா?"

நாற்பதுக்கு முடிந்திருக்க வேண்டியது.
மேலே நூற்றெழுபது பவுண்டு
என் அரிப்புக்கு அவர் கட்டிய வரி,
அதன் தலையில் கமிஷன் வேறு.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் பெட்டியைத் திறந்து
கையுறையை மட்டும் உருவிப் பைக்குள் வைத்தார்.
க்ளிக்.
"பஸ்ஸில் போகணும், பெட்டி கனம்.
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
எண்பத்து மூன்று நீங்கள்தானே?"

எட்டாவது மேசைக்கு ஒழித்து வைத்திருந்த இடத்தில்
இப்போது அது நிற்கிறது.
நாலு பக்கம் கண்ணாடி, உள்ளே ஒன்றுமில்லை,
அடியில் பித்தளைத் தகடு,
வில்ஃப் டின்ஸ்டேல் என்று அச்சில்.
எஃப்புக்கு வால் இல்லை.