எலிக்காரர்

பூங்கோரை வந்துவிட்டது.
குந்துகால் முனையிலிருந்து மண்டபம் வரை
கடலில் யாரோ பச்சைப் பெயிண்டைக் கவிழ்த்தமாதிரி.
ஓரா மீன்கள் வயிற்றை வானத்துக்குக் காட்டி
ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்குகின்றன.

தேவிபட்டினத்து இருளாயி
முதல் பஸ்ஸில் வந்திறங்கினாள்.
வாளியில் ஐஸ், ஐஸுக்கடியில்
சேற்றைத் துழாவி எடுத்த மட்டி, மூன்று கிலோ.
"விக்கலாமா கூடாதா,
அத மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும் சொல்வதற்குத்தான்
பதினோரு வருடம் எலி வளர்த்தேன்.
மட்டிச் சதையை அமிலத்தில் கொதிக்கவிட்டு
வடிந்த சாற்றில் ஒரு மில்லி
வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றில் ஏற்றி
நிறுத்துக் கடிகாரத்தை அமுக்குவேன்.
பின்கால் இழுபடும்.
வாய் மட்டும் காற்றைத் தேடும்.
கடைசி மூச்சில் மறுபடி அமுக்குவேன்.
ஐந்து நிமிடம், பன்னிரண்டு விநாடி.
அட்டவணையில் அந்த நேரத்துக்கு நேரே
நஞ்சின் அளவு அச்சிட்டிருக்கும்.
ஒரு வாளிக்கு மூன்று எலி.
ரயிலடி டீக்கடையில் எனக்குப் பெயர் எலிக்காரர்.
என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் என்று
நான் கேட்டதில்லை.

கீழக்கரை ஜுலைகா வேலைக்குச் சேர்ந்தபோது
உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று கொண்டுவந்தாள்.
நாற்பத்தெட்டுக் குழி.
குழிக்குக் கீழே ஊசிமுனையளவு தங்கப் புள்ளிகள்.
பெயர் தெரியாத யாரோ ஒருவரின் தோலைச்
சுரண்டி எடுத்த செல்களை
பின்னோக்கி நடத்தி, பிறகு திருப்பி
நரம்பாக வளரவிட்டிருந்தாள்.
முதலில் அங்கொன்று இங்கொன்று துடித்தது.
மூன்றாம் வாரம் ஒலிபெருக்கியைத் திறந்தாள்.
மணலில் கடலை வறுக்கும் சத்தம்.
சற்றே ஓய்ந்து, எல்லாம் சேர்ந்து
மறுபடி ஒரு பொரிதல்.
"இதுக்கு வலிக்குமா?"
நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.
"வலிக்குதுன்னு சொல்ல அங்க யாரும் இல்ல," என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"இல்லைன்னுதான் நினைக்கிறோம்."

இன்றைக்கு இருளாயியின் மட்டிச்சாறு ஆறு குழியில்.
பக்கத்துக் குழியில், ஒப்பிட்டுப் பார்க்க,
அளவு தெரிந்த நஞ்சு.
அங்கே கடலை வறுபடுவது சட்டென்று நின்றது.
பழக்கதோஷம், என் கட்டைவிரல்
கடிகாரத்தின் மேல் இருந்தது.
எதற்கு அமுக்குவது?
இழுபடக் கால் இல்லை.
மற்ற ஆறும் பொரிந்துகொண்டே இருந்தன.

குளிர்பெட்டியில் தட்டை வைக்கப்போனபோது
ஒரு பாட்டிலில் படித்தேன்:
பிறக்காத கன்றின் இரத்தநீர்.
எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.
"தெரியும் சார். அது இல்லாம வளர்க்கப் பாக்குறேன்.
ரெண்டு தட்டு செத்துப்போச்சு.
மூணாவது ஒம்போதாம் நாள் ஓடுது."
இருந்த இடத்திலேயே பாட்டிலை வைத்துவிட்டு வந்தேன்.

வாசலில் இருளாயி.
"விக்கலாம்," என்றேன்.
"எத்தன எலி செத்துச்சு?"
"ஒண்ணுகூட இல்ல."
அவள் முகம் சுருங்கியது.
"அப்ப எப்பிடிய்யா நம்புறது?
போன தடவ மூணுல ஒண்ணுகூட சாகல,
நல்லாத் திரியுதுன்னு காட்டுனீகளே."

ஜுலைகா வரைபடத்தை நீட்டினாள்.
கோடுகளைப் பார்த்துவிட்டு இருளாயி
என்னைத்தான் பார்த்தாள்.

வாளியிலிருந்து ஒரு மட்டி எடுத்தேன்.
டீ போடும் அடுப்பில் வெந்நீரில் போட்டேன்.
வாய் திறக்கும்வரை மூவரும் நின்றோம்.
பிறகு உப்புக்கூட இல்லாமல் தின்றேன்.
கடிகாரத்தை அமுக்கி
அவள் கையில் கொடுத்தேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் காலைப் பார்த்தாள்.
வெளியே கச்சான் காற்று,
அழுகிய பாசி நாற்றம்.
அரை மணி நேரம் இருக்கும்.
"மூணரை பஸ்ஸ விட்டா அஞ்சுக்குத்தான்,"
என்று எழுந்தவள்
கடிகாரத்தைத் திருப்பித் தர மறந்து
சேலை முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

யாரும் அதை இன்னும் நிறுத்தவில்லை.