அணியத்தில் இருபது லிட்டர்

மார்ச் கடைசி. சைமா ஏரி இன்னும் தரைதான்.
ஆட்கள் அதன்மேல் நாயோடு நடக்கிறார்கள்.
படகு வாங்க இதுதான் பருவம் என்பான் ரைமோ,
தண்ணீர் கண்ணில் படாத வரை
விலை தலை தூக்காதாம்.

விவாகரத்தாகி இரண்டு வருடம்.
எஞ்சின் தெரிந்த வேறு ஆள் எனக்கில்லை.
அதனால் கூப்பிட்டேன். அதனால் மட்டும்.
கூலி: மீன் பொதிந்து சுட்ட கறுப்பு ரொட்டி ஒன்று.

முதல் முற்றத்தில் ஃபைபர் படகு.
கண்ணாடித் தடுப்பு, அறுபது குதிரைச் சக்தி,
கோப்பை வைக்க ஆறு குழி.
ஆறையும் எண்ணினேன்.
என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்க்.
ரைமோ பின்பலகையைச் சாவியால் தட்டிக்கொண்டே போனான்:
டக், டக், டக்,
பொத்.
அந்தப் பொத்தோடு காரைக் கிளப்பினோம்.

அடுத்த வீட்டுப் படகு குட்டை, அவுட்போர்டுக்குக் கால் நீளம்.
ஒட்டகத்தை முக்காலியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.
விற்பவர் எதிரிலேயே சிரித்துவிட்டேன்.
ரைமோவும்.
பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது, ஒஸ்மோவின் கொட்டகைக்குப் பின்னால்,
ட்ரெய்லரில், பனி நிரம்பி.
அவர் துடைப்பத்தால் வாரித் தள்ளத் தள்ள
ஓர் இருக்கை, இன்னோர் இருக்கை,
யாரோ மறந்த ஒற்றைக் கையுறை.
அலுமினியம். நாலே கால் மீட்டர்.
பதினைந்து குதிரை, கையால் திருப்பும் சுக்கான்பிடி.

குதிரைக்குப் பல் பார்ப்பவன் போல
ப்ரொப்பெல்லர் இதழ்களை விரலால் தடவினான்.
எஞ்சினைக் கழற்றித் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிக்
கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் இருமி,
பிடித்துக்கொண்டது. பக்கவாட்டிலிருந்து
நூல் போல ஒரு பீய்ச்சல்.
"சிறுநீரகம் சுத்தம்" என்றான்.
படகுக்குள் ஒரு வாளி வெந்நீர் ஊற்றி
அடியில் குனிந்து பார்த்தோம்.
நாலாவது ரிவெட்டில் ஒரு சொட்டு.
அந்தச் சொட்டைக் காட்டி
நூறு யூரோ குறைத்தான்.

எஞ்சினைத் திரும்ப மாட்டியதும்
"ஏறிப் பின்னால் உட்கார்" என்றான், "பிடியைப் பிடி."
உட்கார்ந்தேன்.
காரில் பூட்டாத ட்ரெய்லர்
மூக்கை மெல்ல வானத்துக்குத் தூக்கியது.
அவன் ஓடிவந்து அணியத்தை இரு கையாலும் அமுக்கி
மூச்சு வாங்கச் சொன்னான்:
"தனியாகப் போனால் தண்ணீரிலும் இதுதான்.
முன்பக்கம் தூக்கும், எதிரில் எதுவும் தெரியாது.
அங்கே எடை வேண்டும்.
இருபது லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி வை."

பத்தொன்பது கோடைகள்
நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.
முதுகு அவனுக்கு, முகம் காற்றுக்கு.
"முன்னால போய் உட்காரு, கைசு."
பார்க்கட்டும் என்ற பிரியம் அது
என்று நினைத்திருந்தேன்,
தீவுகளை, மேகத்தை, முதலில் நான் பார்க்கட்டும் என்று.

அறுபத்திரண்டு கிலோ.

கேட்கவில்லை. கேட்டிருந்தால்
இரண்டும்தான் என்றிருப்பான்,
அது உண்மையாகவும் இருந்திருக்கும்.
நான் இறங்கி முடிக்கும் வரை
அணியத்தை அவன் விடவில்லை.
இரண்டாயிரம் யூரோவை
ஒஸ்மோ இரண்டு முறை எண்ணினார்.

மே ஒன்பதாம் தேதி பனி உடைந்து,
கரையெல்லாம் கண்ணாடிச் சில்லாய் ஒதுங்கிக் கிடந்தது.
கேனை முன்னே கட்டிக் கிளம்பினேன்.
கேன் பாறையைக் கை நீட்டிக் காட்டாது.
அவ்வப்போது எழுந்து நின்று
நானே பார்த்துக்கொண்டேன்.

மாலையில் போன் வந்தது.
தூக்குகிறதா?
கொஞ்சம்.
இன்னொரு கேன் வையேன்.
வேண்டாம், கொஞ்சம் தூக்கட்டும்.

நாலாவது ரிவெட் இன்னும்
மணிக்கு ஒரு கரண்டி ஏரியை
உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது.
பஞ்சு வைத்திருக்கிறேன்.