வாகன நிறுத்தம் ‘சி’

எனக்குக் கொடுத்தது
ஊதாச் சட்டை, ஓர் அளவு பெரியது,
தொப்பி வைத்த மழைக்கோட்டு,
நுரை ரப்பரில் ஒரு ராட்சதக் கை,
சுட்டுவிரல் மட்டும் நீட்டியது.
சம்பளம் இல்லை. சாப்பாட்டுச் சீட்டு உண்டு.
தர்சோவிலிருந்து இன்வெர்னஸில் மாறி
கிளாஸ்கோவுக்கு எட்டு மணி நேரம், என் செலவில்.

ஏன் தொண்டு செய்ய வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.
எங்கள் ஊர்ப் பெண் சங்கிலிக் குண்டு எறிகிறாள் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
எழுதிக்கொண்டு
வாகன நிறுத்தம் ‘சி’யைத் தந்தார்கள்.

மோர்வென் சிங்க்ளேர் பழகியது
ஹேமிஷ் பட்ஜின் ஆட்டு மேய்ச்சலில்.
குண்டு விழுந்த இடமெல்லாம் குழி,
குழியெல்லாம் மழைத் தண்ணீர்.
ஒரு கிடா காலை முறித்துக்கொண்டது.
அதன் விலையை ஹேமிஷ்
நன்கொடை என்று கணக்கெழுதினார்.
சதுப்புக்குள் போன இரண்டு குண்டுகள்
போனவைதான்.

தலைநகரத்துக் கடிதம் சொன்னது:
‘பதக்க வாய்ப்புப் பட்டியலில் தாங்கள் இல்லை.
ஆகவே இவ்வாண்டு உதவித்தொகை…’
அந்த மூன்று புள்ளிகளை
நாங்கள் நிரப்பினோம்.
மீன் தொழிற்சாலையில் சனிக்கிழமைகள்.
துறைமுகத்தில் குலுக்கல், முதல் பரிசு அரை ஆடு.
தேவாலயக் கூடத்தின் சமையலறையில் நான்,
லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்,
கிண்ணம் இரண்டு பவுண்டு.
எறிகாலணி ஒரு ஜோடி
எழுபத்தைந்து கிண்ணம்.

செவ்வாய்க்கிழமை.
சுவருக்கு அப்பால் அரங்கம் இரைந்தது.
கழிப்பறை எங்கே? இடது.
நான்காம் வாசல்? நேரே போங்கள்.
இரைந்தது.
இதுவா அவளுக்கு?
மறுபடி இரைந்தது. இதுவோ?
ஒவ்வோர் இரைச்சலுக்கும் தானாய் உயர்ந்த கையை
யாருக்கோ வழிகாட்டுவதுபோல் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஊரிலிருந்து குறுஞ்செய்தி:
இரண்டு வலையில்.
மூன்றாவது கோட்டுக்கு வெளியே.
அளக்கவே இல்லை.

ஏழரைக்கு மேல் பின்வாசல் வழியாக வந்தாள்,
தோளில் பை, நாடாவில் தொங்கும் காலணி.
“பன்னிரண்டாம் எண் பஸ் எது?”
மழைத் தொப்பிக்குள்
நான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.
பெயர் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லியிருந்தால்
அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.
எழுபத்தைந்து கிண்ணத்தையும்
அந்தக் கிடாவையும் சேர்த்து.
அதைக் கேட்க என்னால் ஆகாது.

பெரிய கையை நீட்டினேன்.
வலப்பக்கம், மூன்றாவது.
படி ஈரம், பார்த்து.

நன்றி என்றாள். போனாள்.
பையின் அடியில் காய்ந்திருந்தது
ஹேமிஷின் வயல், ஒரு கைப்பிடி.

பஸ் திரும்பி மறையும்வரை
கையை இறக்க மறந்திருக்கிறேன்.
அது காட்டிய திசையில்
ஒரு குடும்பமே நடந்துகொண்டிருந்தது,
கழிப்பறையைத் தேடி.