நான் ஆட, அது ஆடாமல்

கடைசிக் கோட்டை வாசலில்
ஹாஃபிஸ் கேடயம் தூக்கி நிற்கிறான்.
பெய் ஷான் நாணை இழுத்துவிட்டாள்.
கதவைத் திறக்க வேண்டியவள் நான்.
அப்போதுதான் திரை நீலமாயிற்று.

ஒரே வாரத்தில் மூன்றாம் முறை.
கணினி உயிர்பெற்று நான் திரும்பிப் போகையில்
இருவரும் பிணமாகக் கிடந்தார்கள்.
"ஜுவைரியா, நீ மனுஷியா மின்வெட்டா?"
என்று எழுதியிருந்தான் ஹாஃபிஸ்.
சிங்கப்பூரில் மின்வெட்டு ஏது?
அந்தச் சாக்குகூட எனக்கில்லை.

பெட்டியைத் திறந்தேன்.
எட்டு வருடப் பலகை.
செயலியைச் சுற்றிலும் பழுப்பேறி
இஸ்திரி சுட்ட சட்டைபோல் இருந்தது.

பகலில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவள்,
புக்கிட் பாஞ்சாங்கில் பதினொரு புளோக்.
ஏறி இறங்கும் ஆயிரம் பேரில்
ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.
சொன்னால்
அன்று யாரோ உள்ளே மாட்டியிருக்கிறார்கள்.

சிம் லிம் ஸ்குவேரில், சனிக்கிழமை,
ஜுன் ஹாவ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
ஒரு பலகையை ஏற்றிக் காட்டினான்.
ஊதா, பச்சை, ஊதா.
தேக்கா தீபாவளி விளக்குகளையெல்லாம்
ஒரு சாணுக்குள் மடித்து வைத்ததுபோல.
"ரொம்ப வேகம், சிஸ்டர்."

வேகம் இருக்கட்டும்.
மின்சாரத்தைப் பங்கிடும் இடத்தில்
மேலே மூடியிருப்பது வெப்பம் கடத்தும் பாளமா,
வெறும் தகரத் தொப்பியா?
பயாஸை எத்தனை முறை திருத்தினார்கள்,
எதற்காகத் திருத்தினார்கள்?
நான்கு நினைவகத் துண்டும் செருகினால்
இதற்குத் தலை சுற்றுமா?

அவன் கைப்பேசியைத் தடவினான்.
நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்:
"திரும்பி வந்தவை எவை?"

வாய் பதில் சொல்லவில்லை. கண் சொன்னது.
மேசைக்கடியில்
ஒட்டுநாடா இரண்டுமுறை ஒட்டிய பெட்டிகள்,
எல்லாவற்றின் மேலும் அதே வானவில்.

மேல்தட்டில் ஒன்று, சாம்பல்நிறப் பெட்டி,
தூசு படிந்து.
யாரும் வாங்காததாலா,
வாங்கியவர் யாரும் தூக்கிக்கொண்டு வராததாலா?
தூசு இரண்டுக்கும் ஒன்றுதான்.
வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தேன்.
பாளம் கனத்தது.
இருநூற்றுப் பத்தொன்பது வெள்ளி.
"இதில் விளக்கே இல்லையே" என்றான் பாவமாக.
என் வீட்டில் இருக்கிறது, போட்டுக்கொள்கிறேன்.

தமிழில் இதைத் தாய்ப்பலகை என்கிறார்கள்.
எனக்கு உடன்பாடில்லை.
தாய் என்று சொன்னதும்
எவ்வளவும் தாங்கும் என்று முடிவுகட்டி
இன்னும் கொஞ்சம் வோல்ட்டைக் கூட்டுகிறோம்.

இரவு. ஒன்பது திருகாணிகள்.
ஒன்று சோபாவுக்கடியில் ஓடி
பதினைந்து நிமிடத்தைத் தின்றது.
பட்டாணியளவு வெப்பப்பசை.
பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுழன்றது.
திரை கறுப்பு.

ஒரு நிமிடம்.
வியர்வை, குளிர்சாதனம் ஓடியும்.
வெளியே என் புளோக்கின் மின்தூக்கி
ஏழாம் மாடியில் நின்று, மூச்சுவிட்டு, மேலே போனது.
இரண்டு நிமிடம்.
குறிப்பேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில்
பொடி எழுத்தில் எழுதியிருந்தது:
முதல்முறை, நினைவகத்தோடு பழகிக்கொள்ளும்.
காத்திருக்கவும்.

புதிதாய் வந்த இருவர்
பேசாமல் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருந்த
அந்தக் கறுப்பில்
நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வெளிச்சம்.

அன்றும் செத்தோம்.
இம்முறை முழுக்க என் தவறு:
கதவுக்கு வலப்பக்கம் இருந்த கண்ணியைப் பார்க்கவில்லை.
திரை மினுங்கக்கூட இல்லை.
ஹாஃபிஸ் திட்டினான்,
மலாயிலும் தமிழிலும், மூச்சு வாங்கி மறுபடியும்.
ஒரு சொல் அறுபடவில்லை.
எவ்வளவு தெளிவாகக் கேட்டது!